குடியில் விழுந்தவரின் வீட்டாரும் நமது கடமையும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

மதுவைப் பற்றி நமது பள்ளிவாசல்களில் நாம் கேட்டிருக்கும் பயான்கள் ஏராளம். மது ஹராம் என்பதை மதரஸாவில் அலிஃப் பே படிக்கும் பிள்ளையும் அறியும். ஸூரத்துல் மாயிதாவின் 90, 91-ஆம் ஆயத்துகளை ஓதி, மது ஷைத்தானின் வேலைகளில் உள்ள அசுத்தம் என்பதை ஆலிம்கள் விளக்காத வருஷமில்லை. ஆகவே அதையே திரும்பவும் எழுதிப் பக்கத்தை நிரப்ப நான் வரவில்லை. நான் எழுத வந்தது குடிப்பவரைப் பற்றியன்று. இரவு பதினொரு மணிக்கு மேல் வாசற்படியில் காலடிச் சத்தம் கேட்கிறதா, கேட்டால் அது எப்படிப்பட்ட சத்தமாக இருக்கிறது என்று காதைத் தீட்டிக் கொண்டு உட்கார்ந்திருக்கும் அவருடைய மனைவி மக்களைப் பற்றி எழுத வந்தேன். அவர்களைப் பற்றிப் பயான் கேட்டவர் நம்மில் எத்தனை பேர்?

நமது சமூகத்தில் குடிப்பவர் உண்டா என்று சிலர் புருவத்தை உயர்த்தலாம். உண்டு. சாப்பாட்டுக் கடை, மளிகைக் கடை, பணமாற்றுக் கடை, துணிக்கடை என்று நாம் செய்யும் எந்தத் தொழிலை எடுத்துக் கொண்டாலும் அங்கே ஒருவரோ இருவரோ இருக்கத்தான் செய்கிறார்கள். கடைவீதியில் முப்பது வருஷம் கல்லாவில் உட்கார்ந்தவர்களுக்கு இது தெரியாத சங்கதியல்ல. தெரிந்தும் பேசுவதில்லை.

குடி எந்த வீட்டிலும் துன்பந்தான். ஆனால் நமது வீடுகளில் அத்துன்பத்தின் மேல் இன்னொரு பாரமும் ஏறிக் கொள்கிறது. மார்க்கத்தில் ஹராம், ஊரில் அவமானம், மலேசியாவில் முஸ்லிமுக்கு அது ஷரீஅத் கோர்ட்டில் குற்றமுமாகும். கூட்டரசுப் பிரதேசங்களின் 1997-ஆம் வருஷத்துச் சட்டப்படி 3,000 வெள்ளி வரை அபராதமும் 2 வருஷம் வரை சிறையும் விதிக்கலாம். ஆகவே மனைவி வாய் திறப்பதில்லை. சொன்னால் அவரைப் பிடித்துக் கொண்டு போவார்களோ, கடை லைசென்ஸுக்குப் பங்கம் வருமோ, மகளுக்கு மாப்பிள்ளை கிடைக்காமற் போகுமோ என்று அஞ்சி, "அவருக்கு ரத்தக்கொதிப்பு, உடம்பு சரியில்லை" என்று ஊருக்குச் சொல்லிக் கொண்டு காலம் தள்ளுகிறாள். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டத்துக்கு வாப்பா ஏன் வரவில்லை என்று கேட்டால் பிள்ளையும் பொய் சொல்லக் கற்றுக் கொள்கிறது. ஒருவர் குடிக்கிறார், ஐந்து பேர் மறைக்கிறார்கள். அந்த ஐந்து பேருக்கும் தூக்கம் கிடையாது.

இப்போது நாம் வியாபாரிகள் என்ற முறையில் ஒரு கேள்வி கேட்டுக் கொள்வோம். கடையில் காதர் என்பவர் வாங்கிய சரக்கை மீரான் என்பவரின் பற்றில் எழுதலாமா? எழுதினால் அதற்குப் பெயர் கணக்கா, மோசடியா? அல்லாஹு தஆலா குர்ஆன் ஷரீபில் ஒருவருடைய பாவச் சுமையை இன்னொருவர் சுமக்க மாட்டார் என்ற விஷயத்தை ஓரிடத்தில் மட்டுமல்ல, அன்ஆம், இஸ்ராஃ, ஃபாத்திர், ஸுமர், நஜ்மு என்று ஐந்து ஸூராக்களில் கூறியிருக்கிறான். ஸூரத்துந் நஜ்மில் அது 38-ஆம் ஆயத்து. ஐந்து முறை சொல்லப்பட்ட ஒன்றை நாம் என்ன செய்கிறோம்? குடித்தவரின் பற்றை அவர் மனைவி பேரிலும் மக்கள் பேரிலும் எழுதி வைத்திருக்கிறோம். "இவள் சரியாக இருந்தால் அவன் ஏன் குடிக்கிறான்" என்று ஒரு மாமி கல்யாண வீட்டில் சொல்கிறாள். "குடிகாரன் மகன்தானே" என்று மதரஸாவில் ஒரு பிள்ளை சொல்லுகிறது. அந்தப் பிள்ளை அதை எங்கே கற்றது? நமது வீட்டுச் சாப்பாட்டு மேஜையில்தான்.

நபிமார்களின் வீடுகளையே எடுத்துப் பாருங்கள். நூஹ் (அலை) அவர்களின் மகன் கப்பலில் ஏறவில்லை. மலைமேல் ஏறித் தப்பித்துக் கொள்வேன் என்றான்; தந்தை கூப்பிடக் கூப்பிட அலை வந்து இருவருக்கும் நடுவே புகுந்தது. ஸூரத்து ஹூதின் 42, 43-ஆம் ஆயத்துகளில் இதை ஓதுகிறோம். தொள்ளாயிரத்து ஐம்பது வருஷம் தம் மக்களிடையே இருந்த ஒரு நபியால் தமது மகன் ஒருவனைப் படகில் ஏற்ற முடியவில்லை. அதற்காக நூஹ் நபியின் வளர்ப்பைக் குறை சொல்லும் முஸ்லிம் எவரும் உண்டா? ஸூரத்துத் தஹ்ரீமின் கடைசி ஆயத்துகளில் இதன் மறுபக்கத்தைக் காண்கிறோம். நூஹ் நபி, லூத் நபி ஆகிய இருவரின் மனைவியரும் நல்லார் வீட்டில் இருந்தும் வழிதவறினார்கள். ஃபிர்அவ்னின் மனைவி ஆஸியா அம்மையாரோ கொடுங்கோலன் வீட்டில் இருந்து கொண்டே சுவர்க்கத்தில் தமக்கு ஒரு வீடு கேட்டு துஆச் செய்தார்கள். முஃமின்களுக்கு உதாரணமாக அல்லாஹ் அவர்களையே எடுத்துக் காட்டுகிறான். கெட்டவன் வீட்டில் இருக்கிறாள் என்று ஒரு பெண்ணின் தரத்தை நிறுக்கிறவர்கள் இந்த ஆயத்தை ஓதிவிட்டு நிறுக்கட்டும்.

அந்தத் தாய்மார்களிடம் இன்னொன்று சொல்ல வேண்டும். பல வருஷமாக தஹஜ்ஜுத் தொழுது, யாஸீன் ஓதி, தர்காவிலும் பள்ளியிலும் நேர்ந்து, இன்னும் அவர் திருந்தவில்லை என்றால், "என் துஆவில்தான் ஏதோ குறை" என்று அழுகிறார்கள். நாயகம் (ஸல்) அவர்களைத் தூக்கி வளர்த்து, குறைஷிகளிடமிருந்து காத்து நின்றவர் பெரிய தகப்பனார் அபூதாலிப். அவருடைய மரணப் படுக்கையருகே உட்கார்ந்து அண்ணலார் கலிமாவைச் சொல்லுமாறு கேட்டுக் கொண்டார்கள், அவர் சொல்லவில்லை. நீர் நேசிப்பவரை நீர் நேர்வழியில் செலுத்திவிட முடியாது, அல்லாஹ்வே தான் நாடியவரைச் செலுத்துகிறான் என்ற கருத்துடைய ஆயத்து (கஸஸ் 56) அது தொடர்பாகவே இறங்கியது என்று புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வருகிறது. நேசத்தில் குறையா அது? துஆவில் குறையா? ஸய்யிதுல் அன்பியாவின் நேசத்துக்கே அடுத்தவர் உள்ளத்தைத் திருப்பும் பொறுப்பு கொடுக்கப்படவில்லை என்றால், ஏழைப் பெண்ணொருத்தி அந்தப் பொறுப்பைத் தலையில் சுமந்து கொண்டு திரிவானேன்?

அழுவதும் பொறுமைக்கு விரோதமன்று. யஃகூப் (அலை) அவர்கள் யூஸுஃப் நபியை எண்ணி அழுது கண்கள் வெளுத்துப் போனார்கள். அவர்களுடைய பொறுமையைத்தான் அழகிய பொறுமை என்று நாம் எடுத்துச் சொல்கிறோம்.

சிலர் இது பாவமா, நோயா என்று வழக்காடுகிறார்கள். அமெரிக்க வைத்தியர் சங்கம் 1956-ஆம் வருஷத்திலேயே குடிப்பழக்கத்தை நோய் என்று ஏற்றுக் கொண்டது. நோய் என்று சொல்லிவிட்டால் பாவம் இல்லை என்றாகிவிடுமோ என்று நமது பெரியவர்கள் சிலர் அஞ்சுகிறார்கள். எனக்கு அந்த அச்சம் இல்லை. முதல் கோப்பையை எடுத்தது பாவம். அது அவருக்கும் அல்லாஹ்வுக்கும் உள்ள கணக்கு. தௌபாவின் வாசல் திறந்தே இருக்கிறது. பிறகு உடம்பு அதற்கு அடிமையாகி, கிடைக்காவிட்டால் கை நடுங்கும் நிலைக்கு வந்தது நோய். அது வைத்தியருடைய வேலை. இரண்டையும் ஒன்றோடொன்று குழப்புவதால் வீட்டார் படும் அபாயம் ஒன்று உண்டு. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

ரமலான் பிறை பார்த்ததும் சிலர் குடியை நிறுத்துகிறார்கள். வீட்டாருக்கு ஆனந்தம். அல்லது மகன்மார் சேர்ந்து, "இன்றோடு விடு" என்று அறையில் அடைத்துப் பூட்டிவிடுகிறார்கள். எப்போதாவது குடிப்பவருக்கு இதனால் ஆபத்தில்லை. பல வருஷமாக நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினாலோ நிலைமை வேறு. சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் இல்லாததைக் காண்பார், இல்லாத குரலைக் கேட்பார், சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், ஆட்களை அடையாளம் தெரியாமல் திமிறுவார். கவனியாது விட்டால் உயிரே போகும். அந்த வேளையில் நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? ஜின் பிடித்துவிட்டது என்று ஓதிப் பார்க்க ஆளைத் தேடுகிறார்கள்! ஓதுவது நல்லதே, ஓதிக் கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். குடித்த அளவையும் நிறுத்திய நேரத்தையும் டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். நடுக்கத்துக்கும் வலிப்புக்கும் மருந்து உண்டு. வைட்டமின் பி1 கொடுப்பார்கள். சில நாட்களில் உடம்பு தேறும். மலேசியாவில் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மனநலப் பகுதி இருக்கிறது. சிங்கப்பூரில் மனநலக் கழகத்தினுள் 2008-ஆம் வருஷம் அமைந்த தேசிய போதைப்பழக்க நிர்வாகச் சேவை இருக்கிறது; அங்கே குடும்பத்தாருக்கும் ஆலோசனை கூறுகிறார்கள். வெட்கத்துக்கு அஞ்சி மய்யித்தைச் சுமப்பதைவிட வெட்கத்தோடு ஆஸ்பத்திரி வாசலில் நிற்பது மேல்.

மலிவான சம்சு குடிப்பவரின் வீட்டார் இன்னும் ஒன்று கவனிக்க வேண்டும். 2018-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவால் பலர் இறந்தார்கள். கண் மங்குகிறது, வயிறு வலிக்கிறது, மூச்சு வாங்குகிறது என்று சொன்னால் போதை தெளியட்டும் என்று காத்திராமல் உடனே வண்டியை எடுக்க வேண்டியது.

குடித்து வந்தவரோடு அந்த நேரத்தில் வழக்காடலாமா? மதீனாவில் மது ஹராமாக்கப்படுமுன் நடந்த ஒரு சம்பவம் ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. அலீ (ரலி) அவர்கள் வைத்திருந்த இரண்டு ஒட்டகங்களை ஹம்ஸா (ரலி) அவர்கள் போதையில் வெட்டிவிட்டார்கள். செய்தி கேட்டு நாயகம் (ஸல்) அவர்கள் நேரே அங்கு சென்று கண்டித்தார்கள். ஹம்ஸா (ரலி) அவர்களோ சிவந்த கண்களால் ஏற இறங்கப் பார்த்து, நிதானமில்லாத ஒரு வார்த்தையும் சொன்னார்கள். அவர் போதையில் இருப்பதை அண்ணலார் கண்டு கொண்டார்கள். அடுத்து என்ன செய்தார்கள்? பின்புறமாகவே அடியெடுத்து வைத்து வெளியே வந்துவிட்டார்கள். அவ்வளவுதான். பின்னாளில் அதே ஹம்ஸா (ரலி) உஹதுப் போரில் ஷஹீதாகி, ஷஹீதுகளின் தலைவர் என்று புகழ் பெற்றார்கள். போதையில் இருப்பவருக்கு மார்க்கம் சொல்லிக் கொடுக்கும் நேரம் அது அல்ல என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டுமா? பிள்ளைகளை அழைத்துக் கொண்டு மறு அறைக்கோ அண்டை வீட்டுக்கோ போய்விடுவதில் கோழைத்தனம் ஒன்றுமில்லை. சுபுஹுக்குப் பிறகு, அவர் தெளிந்திருக்கும்போது, நாலு வார்த்தை நிதானமாகச் சொன்னால் காதில் ஏறும்.

கை நீட்டுகிறவராக இருந்தால் விஷயமே வேறு. "பொறுத்துக்கோ, ஸப்ருக்குக் கூலி உண்டு" என்று நாம் மிக மலிவாக எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். அடி வாங்குவதற்கு ஸப்ரு என்று யார் பெயர் வைத்தது? மலேசியாவில் 1994-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டம் முஸ்லிம்களுக்கும் உரியது. சிங்கப்பூரில் மாதர் சாசனத்தின் கீழ் பாதுகாப்பு உத்தரவு கேட்கும் உரிமை முஸ்லிம் பெண்களுக்கும் உண்டு. மலேசியாவில் 15999 என்ற தாலியான் காசே எண்ணுக்குப் போன் செய்யலாம். மூன்று மாதம் செலவுக்குக் கொடாமல் இருந்தால் ஷரீஅத் கோர்ட்டில் ஃபஸ்கு கேட்க இரு நாட்டுச் சட்டமும் இடம் கொடுக்கிறது. அதைச் செய் என்று நான் யாரையும் தூண்டவில்லை. வீட்டைக் காக்கவே எல்லாப் பெண்களும் பாடுபடுகிறார்கள். ஆனால் வாசல் ஒன்று இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் வைத்திருப்பது ஜமாஅத்தாருக்கு அழகல்ல.

வெளியே சொன்னால் புறம் பேசியதாகுமே, கணவரின் மானத்தை வாங்கியதாகுமே என்று மார்க்கப் பற்றுள்ள பெண்கள் தயங்குகிறார்கள். மார்க்கமே இதற்குப் பதில் வைத்திருக்கிறது. ஹிந்து பின்த் உத்பா (ரலி) அம்மையார் நாயகத்திடம் வந்து, தம் கணவர் அபூஸுஃப்யான் இறுகப் பிடிக்கும் மனிதர், தமக்கும் பிள்ளைக்கும் போதுமானதைத் தருவதில்லை என்று முறையிட்டார்கள். "கணவரைப் பற்றி இப்படிப் பேசலாமா" என்று அண்ணலார் வாயடைத்தார்களா? இல்லை. உனக்கும் உன் பிள்ளைக்கும் முறைப்படி போதுமானதை அவர் பொருளிலிருந்து எடுத்துக் கொள் என்று அனுமதி கொடுத்தார்கள். இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ரியாளுஸ்ஸாலிஹீனில் ஆறு வகைப் பேச்சுகள் புறமாகாதென்று எழுதும்போது, அநியாயத்தை முறையிடுவதையும், தீமையைத் தடுக்க உதவி கேட்பதையும், மார்க்கத் தீர்ப்புக் கேட்பதையும் அவற்றில் சேர்த்திருக்கிறார்கள். ஆகவே, தங்கச்சி! நம்பிக்கையான ஓர் ஆலிம்ஸாவிடமோ, டாக்டரிடமோ, வாயடக்கமுள்ள ஒரு லாத்தாவிடமோ உன் பாரத்தை இறக்கி வைப்பது பாவமன்று. அவர் சட்டைப் பையில் இருந்து பிள்ளைகளின் அரிசிக்கும் பள்ளிக்கூடச் சம்பளத்துக்கும் எடுப்பது திருட்டுமன்று. கேட்ட லாத்தா அதை அடுத்த வீட்டுக்குக் கொண்டு போனால்தான் பாவம். அது லாத்தாவின் கணக்கு.

கடைக்காரர்களாகிய நமக்கு இதில் நேரடியான பங்கு இருக்கிறது. பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் ஒரு நாள் அசருக்குப் பிறகு என் கடைக்கு வந்து, வாடிக்கைக்காரர் போகும்வரை சோப்புத் தட்டைப் பார்ப்பது போல் நின்று கொண்டிருந்தான். பிறகு மெல்லச் சொன்னான்: "மாமா, வாப்பா வந்து காசு கேட்டா கொடுக்காதீங்க. உம்மா சொல்லச் சொன்னாங்க. அரிசி மட்டும் கணக்கில கொடுங்க." அந்தப் பிள்ளை சொன்னதில் ஒரு ஹதீதின் கருத்தே அடங்கியிருக்கிறது. உன் சகோதரன் அநியாயக்காரனாக இருந்தாலும் அநியாயம் செய்யப்பட்டவனாக இருந்தாலும் அவனுக்கு உதவு என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னபோது, அநியாயக்காரனுக்கு எப்படி உதவுவது என்று ஸஹாபாக்கள் கேட்டார்கள். அவன் கையைப் பிடித்துத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்று விளக்கம் கிடைத்தது. முகதாட்சண்யத்துக்காக ஐம்பது வெள்ளி, நூறு வெள்ளி கைமாற்றுக் கொடுப்பது அவருக்கு உதவியன்று. "இல்லை" என்று சொல்லும்போது அவர் கோபிப்பார். இருபது வருஷப் பழக்கத்தை எடுத்துக் காட்டுவார். கோபிக்கட்டும். சரக்காகக் கொடுங்கள், அதுவும் வீட்டார் கையில் கொடுங்கள்.

இன்னொரு வகை வீட்டாரும் உண்டு. கடையநல்லூரிலோ இராமநாதபுரம் பக்கமோ இருக்கிறார்கள். குடிப்பவர் இங்கே நமது கடையில் வேலை செய்கிறார். மாதம் தவறாமல் வந்த பணம் நின்று போகிறது. மனைவி முதலாளிக்குப் போன் செய்து, "காக்கா, அவுங்க நல்லாத்தானே இருக்காங்க?" என்று கேட்கிறாள். அவள் கேட்பது உடல்நலத்தை அல்ல என்பது இருவருக்கும் தெரியும். நாம் என்ன பதில் சொல்கிறோம்? "நல்லா இருக்காரு, வேலை அதிகம்" என்று சொல்லிப் போனை வைத்துவிடுகிறோம். வேலைக்கு வந்தால் போதும், மற்றது நமக்கெதற்கு என்ற எண்ணம். ஆயிரத்தைந்நூறு மைலுக்கு அப்பால் இருப்பவளுக்கு நம்மைத் தவிர யார் இருக்கிறார்கள்? அவர் தெளிவாக இருக்கும் வேளையில் உட்கார வைத்துப் பேசி, அவர் சம்மதத்தை எழுதி வாங்கிக் கொண்டு, சம்பளத்தில் ஒரு பங்கு நேரே ஊருக்குப் போகும்படி ஏற்பாடு செய்யலாம். தங்கும் அறையில் கூட இருப்பவர்கள் யார் என்று பார்க்கலாம். வைத்தியத்துக்கு விடுமுறை கொடுத்து, திரும்பி வந்தால் வேலை இருக்கிறது என்று சொல்லலாம். குடித்துவிட்டு அடுப்படியிலும் வண்டியிலும் வேலை செய்ய விடக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

இந்த இடத்தில் கசப்பான ஒரு வார்த்தையும் சொல்லிவிடுகிறேன். மது சம்பந்தமாகச் சபிக்கப்பட்டவர் பத்துப் பேர் என்று வரும் ஹதீதில் குடிப்பவர் ஒருவர். விற்பவரும், சுமப்பவரும், அதன் கிரயத்தை உண்பவரும் அந்தப் பத்தில் இருக்கிறார்கள். குளிர்ப்பெட்டியின் அடித்தட்டில் பீர் டின்னை வைத்துக் கொண்டு, குடிப்பவர் பிள்ளைக்குப் பெண் கொடுக்கமாட்டேன் என்று சொல்லும் வியாபாரி எவராவது இருந்தால் அவர் தம்மை எங்கே வைத்து எண்ணிக் கொள்கிறார் என்று நான் கேட்கவில்லை. அவரே கேட்டுக் கொள்ளட்டும்.

அந்தச் சாபம் செயலுக்கு வந்த சாபம். ஆளைச் சபிப்பதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தே இருக்கிறார்கள். அப்துல்லாஹ் என்ற பெயருள்ள ஒருவர் இருந்தார். ஹிமார் என்பது அவருடைய பட்டப்பெயர். வேடிக்கையாகப் பேசி நாயகத்தைச் சிரிக்க வைப்பவர். குடித்ததற்காகத் தண்டனையும் பெற்றவர். மீண்டும் ஒரு நாள் குடித்ததற்காகக் கொண்டு வரப்பட்டபோது, எத்தனை முறைதான் இவன் இப்படி வருவான் என்று சொல்லி ஒருவர் அவரைச் சபித்தார். அண்ணலார் அதைத் தடுத்து, அவர் அல்லாஹ்வையும் ரஸூலையும் நேசிப்பவர் என்பதைத் தாம் அறிவதாகச் சொன்னார்கள். தண்டனை நின்றுவிடவில்லை, மதிப்பும் போய்விடவில்லை. இப்படிப்பட்ட ஒருவருடைய மகள் அந்தச் சபையில் ஒரு மூலையில் நின்றிருந்தால் அவள் நெஞ்சு எவ்வளவு குளிர்ந்திருக்கும் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. நமது சபைகளில் அவள் என்ன கேட்டுக் கொண்டு போகிறாள்?

ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களின் கண்டிப்பை நாம் அறிவோம். ஷாம் தேசத்தில் இருந்த தமது பழைய நண்பர் ஒருவர் குடியில் விழுந்தாரென்று கேட்டபோது அவர்கள் செய்தது ஒரு கடிதம் எழுதியதுதான். பாவத்தை மன்னிப்பவன், தௌபாவை ஏற்பவன், தண்டிப்பதில் கடியவன் என்று அல்லாஹ்வைப் புகழும் ஸூரத்துல் முஃமினின் தொடக்கத்தை அதில் எழுதி, கூட இருந்தவர்களிடம் அவருக்காக துஆக் கேட்டார்கள். அந்த மனிதர் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்து அழுது மீண்டார் என்று இப்னு கஸீர் தஃப்ஸீரில் காண்கிறோம். சறுக்கிய சகோதரன் விஷயத்தில் ஷைத்தானுக்குத் துணை போகாதீர்கள் என்பதே உமர் (ரலி) அவர்கள் அப்போது கூறிய புத்திமதியின் கருத்து.

அமெரிக்காவில் 1935-ஆம் வருஷம் குடியிலிருந்து மீள விரும்பியவர்கள் தமக்குள் ஒரு சங்கம் அமைத்தார்கள். கணவர்கள் கூடிப் பேசிக் கொண்டிருக்க, அவர்களைக் கூட்டி வந்த மனைவியர் வெளியே காத்திருந்து ஒருவரோடொருவர் பேசத் தொடங்கினார்கள். அதைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரின் மனைவி லோயிஸ் வில்சன் என்ற அம்மையார், 1951-ஆம் வருஷம் வீட்டாருக்கென்றே அல்-அனான் என்ற தனி அமைப்பைத் தொடங்கினார். (பெயரைக் கேட்டு அரபுச் சொல்லென்று எண்ண வேண்டாம், அல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்பதன் முதல் அசைகள் அவை.) 1957-ல் பிள்ளைகளுக்கும் ஒரு பிரிவு வந்தது. அவர்கள் அங்கே கற்றுக் கொண்ட முதற்பாடம், குடி தம்மால் வந்ததுமன்று, அதை அடக்குவதும் ஆற்றுவதும் தம் கையில் இல்லை என்பதாம். படித்தபோது எனக்கு நஜ்மு ஸூராவின் ஆயத்தும் அபூதாலிபின் படுக்கையுமே நினைவுக்கு வந்தன. நம்மிடம் கிதாபு இருக்கிறது. அவர்களிடம் கூடி உட்காரும் பழக்கம் இருக்கிறது. நமது சங்கத்தின் மாதர் பகுதியில், மாதம் ஒரு முறை, பெயர் கேளாமல், குறிப்பெழுதாமல், நாலு பெண்கள் உட்கார்ந்து பேச ஓர் அறையும் ஒரு குவளைத் தேயிலையும் கொடுப்பது முடியாத காரியமா? கந்தூரிக்கு ஆயிரம் பேருக்குச் சோறு ஆக்குகிற சங்கங்கள் இவை.

பெண் கேட்டுப் போகும் வீட்டில் வாப்பா குடிப்பவர் என்று தெரிந்தால் தரகர் மறுநாளே வரமாட்டார். பெண்ணின் தீனைப் பாருங்கள் என்றுதான் நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. அவள் வாப்பாவின் தீனைப் பார்த்துத் திரும்பிப் போகிறோம். குடிகாரர் வீட்டில் பொறுப்பாக வளர்ந்த பிள்ளையின் நிதானம் சொகுசாக வளர்ந்த பல பிள்ளைகளிடம் இல்லை என்பது நான் கண்டது. தம்பிமாருக்குச் சோறு போட்டு, உம்மாவைத் தேற்றி, பரீட்சையும் எழுதியவள் அவள்.

குடியோடே ஒருவர் இறந்து போனால்? ஜனாஸாவுக்குப் போகலாமா என்று என்னையே ஒருவர் கேட்டிருக்கிறார். கலிமாச் சொன்ன முஸ்லிமைக் குளிப்பாட்டி, கஃபனிட்டு, தொழுது அடக்குவது நம் எல்லார் மேலும் பர்ளு கிஃபாயா. பெரும்பாவி என்பதால் அது நீங்காது என்பதே அஹ்லுஸ் ஸுன்னத் உலமாக்களின் தீர்ப்பு. முதல் வரிசையில் வெறும் நாலு பேர் நின்றதை அந்த மகன் சாகும்வரை மறக்க மாட்டான். கடையை அரைமணி நேரம் சாத்திவிட்டுப் போங்கள்.

பிறகு நமது பற்றுக் கணக்கு இருக்கிறது. மூன்றாம் நாள் பாத்திஹா ஓதுமுன்பே சிலர் கணக்குப் புத்தகத்தோடு அந்த வீட்டு வாசலில் நிற்கிறார்கள். ஷரீஅத்தில் இறந்தவரின் கடன் அவர் விட்டுச் சென்ற பொருளிலிருந்துதான் தீர்க்கப்பட வேண்டும். பொருள் போதாவிட்டால், தம் கைப்பொருளிலிருந்து கொடு என்று மனைவியையோ மக்களையோ நிர்ப்பந்திக்கும் உரிமை கடன் கொடுத்தவருக்கு இல்லை. அவர்கள் தாமாக முன்வந்து தீர்த்தால் அது இறந்தவருக்கு அவர்கள் செய்யும் உபகாரம். கஷ்டத்தில் உள்ளவருக்குத் தவணை கொடுப்பதும், தர்மமாக விட்டுவிடுவது அதனினும் மேல் என்பதும் ஸூரத்துல் பகராவின் 280-ஆம் ஆயத்தில் இருக்கிறது. அந்த வீட்டாரின் புதிய பற்றை, மகன் பேரிலோ தாயார் பேரிலோ, வேறு பக்கத்தில் புதிதாகத் தொடங்கி எழுதுங்கள்.